தலைமாட்டு விளக்கு

பக்கத்து வீட்டு ஜெயம்மாள் தீக்குச்சியை உரசப் போன நேரத்தில் ஆண்டாள் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்த புருஷனின் தலைமாட்டில் வைக்கிற விளக்கை எந்தப் பெண்சாதியும் தடுத்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

"இங்க வேணாம்க்கா."

"இன்னாடி சொல்ற? எவ்ளோ நேரம் இருட்டுல போட்டு வைக்கிறது?"

தெய்வசிகாமணி அன்று காலை ஏழு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் எழவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த வாரம் அது. சின்னசேலம் ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஆள் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சேலத்தில் இருக்கும் மகன் தமிழழகனுக்குத் தந்தி கொடுத்தாயிற்று. தந்தி போய்விடும், அவன் வர பஸ் வேண்டுமே. எலவனாசூர்கோட்டையிலிருந்து ஆண்டாளின் அண்ணன் வீட்டாரும் வர வழியில்லை. அக்கம்பக்கத்தார் ஐந்தே பேர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிப்பிடித்து அழ ஆண்டாளுக்குச் சொந்தத்தில் ஒரு தோள் கிடையாது.

வீட்டின் முன்னறைதான் பேட்டரி சார்ஜ் போடும் கடை. பின்னறையில் ஆள் நீட்டிப் படுக்க இடமில்லாததால் அவரைக் கடையிலேயே கிடத்தியிருந்தார்கள். கல்லடிக்குப் பயந்து ஷட்டரையும் இறக்கியிருந்தார்கள்.

அந்த அறையில் இருபத்திரண்டு வருஷமாக அவர் நெருப்பை விட்டதில்லை. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து கேஸ் வரும், வெடிக்க ஒரு பொறி போதும் என்பார். சாமி விளக்கையே அடுப்பங்கரைக்குத் துரத்தியவர். கல்யாணமான புதிதில் ஆண்டாள் அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். முன்வாசலில் விளக்கில்லாத வீட்டுக்கு லட்சுமி எப்படி வருவாள் என்று கேட்டதற்கு, பின்வாசல் வழியா வரச் சொல்லு என்று சிரித்தார்.

முந்தின நாள் டாக்டர் வீட்டு எமர்ஜென்சி விளக்கிலிருந்து புது மாதிரி பேட்டரி ஒன்று வந்தது. மூடியே இல்லாமல் சீல் வைத்தது. தண்ணீர் எங்கே ஊற்றுவது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தவர், கடைசியில் லாரி பேட்டரிகளோடு சேர்த்து அதையும் சார்ஜில் போட்டுவிட்டார். அதற்கு அவ்வளவு கரண்ட் தாங்காது என்பது எல்லாம் தெரிந்த மனுஷனுக்கும் புதுசு. விடிகாலையில் ஏதோ மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போனது. அதன்பின் சார்ஜர் ஸ்விட்சை அணைக்க யார் நினைத்தார்கள்?

இப்போது கரண்ட் வந்துவிட்டது. எப்போது வந்ததென்று தெரியவில்லை. ஜெயம்மாள் தீப்பெட்டியை எடுத்தபோதுதான் சார்ஜரின் முனகல் ஆண்டாள் காதில் விழுந்தது. கூடவே அழுகிய முட்டை வாடை.

மற்றவர்களுக்கும் அது எட்டியிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் பார்த்தது பிணத்தைத்தான். அந்தப் பார்வை ஆண்டாளைச் சுட்டது.

"அவரு இல்ல. அது பேட்டரி."

பக்கத்து சைக்கிள் கடைக் காசிநாதன் பேட்டரிகள் இருந்த பெஞ்சருகே போய்க் குனிந்தார். டாக்டர் வீட்டு பேட்டரிப் பெட்டி ஊறின பயறு மாதிரி பக்கவாட்டில் உப்பியிருந்தது.

"சீல் வச்சதாச்சே, இதுலேர்ந்து இன்னா வரப்போவுது?" என்று கிளிப்பைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணா. கரண்ட்டுல கிளிப்ப எடுத்தா பொறி பறக்கும்."

அவள் எழுந்து நடைக்குப் போனாள். தெய்வசிகாமணி ஸ்விட்சைக் கடைக்கு வெளியே நடைச்சுவரில்தான் வைத்திருந்தார். அணைத்துவிட்டு வந்து ஷட்டரை முழுசாகத் தூக்கினாள். பின்கதவையும் திறந்தாள். எல்லோரையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவரும் தனியாக இருந்தார். புருஷனைப் போட்டுவிட்டு பேட்டரிக்குக் காவல் இருக்கிறாள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

வாடை அடங்கி, பெட்டியின் சூடும் ஆறிய பிறகு, ஆணியில் தொங்கிய அவருடைய ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். அவள் விரல்களுக்கு அவை மிகப் பெரிசு. கிளிப்பை எடுத்து, பெட்டியைச் சாய்க்காமல் தூக்கிப்போய்ப் பின்புறம் நிழலில் வைத்தாள். பெஞ்சில் கசிந்திருந்த ஆசிட் மேல் சோடா மாவைத் தூவினாள். அவர் செய்வது மாதிரியே, நுரை நிற்கும் வரை நின்று பார்த்தாள்.

ஜெயம்மாள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"இப்ப ஏத்தலாமா ஆண்டாளு?"

ஆண்டாள் உறைகளைக் கழற்றிவிட்டுத் தீப்பெட்டியை வாங்கினாள். விளக்கை ஏற்றி அவர் தலைமாட்டில் வைத்தாள். பிறகு அதை ஒரு சாண் தள்ளி வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தாள்.