ஓகே சார் சொல்லாத வெள்ளிக்கிழமை

செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில், எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இங்கிலீஷ் 'ஓகே சார்'. சூப்பர்வைசர் என்ன சொன்னாலும், புரிந்தாலும் புரியாவிட்டாலும், ஓகே சார்தான். அவர் நகர்ந்ததும், "இன்னாடி சொன்னான் அந்த ஆளு?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. லைன் லீடர் ஆனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கு, அம்மாவிடம் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை நேர்காணல், அதுவும் இங்கிலீஷில்.

சுங்குவார்சத்திரத்தில் என்னோடு அறையில் தங்கியிருக்கும் பூஜா, டீக்கடையிலேயே வகுப்பெடுத்தாள்.

"மஞ்சு, இன்னிக்கி வார்த்தை பேஃபிள். எவ்ளோ யோசிச்சும் ஒண்ணு பிடிபடல, உன்னைப் போட்டுக் குழப்புதுன்னு வச்சுக்கோ. 'திஸ் பேஃபிள்ஸ் மி'ன்னு சொல்லணும். சின்னச் சின்ன சந்தேகத்துக்கெல்லாம் சொல்லக் கூடாது. மண்டை காயணும்."

"உன் கிளாஸே எனக்கு அப்டித்தான்டி கீது," என்றேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒரு சார்ஜர் போர்டை மேசையில் வைத்தார். காலை டெஸ்டில் பாஸ் ஆகிறது, மதியம் ஃபெயில் ஆகிறது, ஏன் என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு முன்னால் போன பக்கத்து லைன் ஜீவானந்தம், வாய்க்கு வந்த காரணத்தையெல்லாம் அடித்துவிட்டதாக வெளியே பீற்றிக்கொண்டிருந்தான். நான் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மண்ணும் புரியவில்லை. நாக்கு நுனியில் அந்தப் பாழாய்ப்போன ஓகே சார் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன்.

"சார், திஸ் பேஃபிள்ஸ் மி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தென்? வாட் வில் யூ டூ?"

அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. "லைனை நிறுத்திடுவேன் சார். புரியாம அடுத்த போர்டை அனுப்ப மாட்டேன். தெரிஞ்சவங்களைக் கூப்பிடுவேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "எங்களுக்கும் இன்னும் பிடிபடலைம்மா. காலையிலேர்ந்து தெரியலைன்னு சொன்ன மொத ஆளு நீதான். லீடருக்கு அதான் வேணும். திங்கக்கிழமைலேர்ந்து லைனை நீ பாத்துக்கோ."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"வேலை நிரந்தரம்மா!"

"என் தங்கமே! அப்டி இன்னாடி சொன்ன இங்கிலீஷ்ல?"

"தெரியலைன்னு சொன்னேன்மா."

"அத நா தமிழ்லயே சொல்லுவேனேடி! என்னையும் சேத்துக்குவாரா, கேளு."