விழுந்துகொண்டே இருந்த சுவிட்ச்

நேற்று மாட்டிய புது மெயின் பெட்டியின் சுவிட்ச், இன்று மதியத்துக்குள் நான்கு முறை தானாகக் கீழே விழுந்து கரண்டை நிறுத்திவிட்டது. ஊர் வீடுகளுக்கெல்லாம் வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் அக்காவின் மானம், சொந்தத் தங்கை வீட்டிலேயே கப்பலேறிக்கொண்டிருந்தது.

போன மாதம் வாஷிங் மெஷின் தங்கையைத் தூக்கியடித்ததும், பழைய பியூஸ் பெட்டியைப் பிடுங்கி எறிந்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றவள் அக்காதான். எர்த் கம்பியைப் புதிதாக இழுத்து, ஆர்சிசிபியும் வைத்தாள். மின்சாரம் கொஞ்சம் வெளியே கசிந்தாலும், ஆள் உயிரைப் பறிக்குமுன் இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச் அது.

தங்கையின் கணவருக்குப் பொறுமை போய்விட்டது.

"பழைய பெட்டி இருபது வருஷமா வாயே திறக்கல. இது தும்மினா விழுது. அந்த சுவிட்சை மட்டும் கழட்டிட்டு நேரா கனெக்‌ஷன் குடுத்துடுங்கக்கா."

"ஆமா மாப்பிள்ளை, உங்க பொண்டாட்டியைத் தூக்கியடிச்சப்பகூட அது வாயே திறக்கல."

தங்கை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "மெஷின்தான் கோளாறு. தூக்கிப் போட்டுடலாம்."

மெஷின் பிளக்கை அக்கா அப்போதே பிடுங்கி வைத்தாள். தங்கை குளித்துவிட்டு வந்தாள். பெட்டி ஐந்தாம் முறையாக விழுந்தது. ஆக, மெஷின் பேரில் பழி போட முடியாது. யோசித்துப் பார்த்தால் காலையிலிருந்தே இதே கதைதான்: பாத்ரூமில் யாராவது குளித்தால் விழுகிறது, ஈரம் காய்ந்தால் நிற்கிறது. அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. விழுகிற சுவிட்சைக் கழற்றித் தலைவலியை முடித்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன்கள் எத்தனையோ பேர். அவளுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது.

சுவர் காயும்வரை காத்திருந்து சுவிட்சை ஏற்றினாள். "யாரும் பாத்ரூம் பக்கம் வராதீங்க" என்று அதட்டிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றபடி மக்கில் தண்ணீர் மொண்டு முதல் சுவரில் வீசினாள். ஒன்றுமில்லை. ஹீட்டர் இருந்த இரண்டாவது சுவர். அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் தண்ணீர் பட்டதும் கூடத்தில் டக்கென்று சத்தம் கேட்டது. வீடு முழுக்க ஃபேன்கள் நின்றன.

அந்தச் சுவரில் இருந்தது ஒரே ஒரு பொருள்தான். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் பளபளவென்று துண்டு மாட்டும் கம்பி ஒன்று. மூன்று வயதுப் பொடிசு மகளுக்காக மாப்பிள்ளை முந்தாநாள் ஆசை ஆசையாக மாட்டியது. கையில் டிரில் மெஷின் இருந்தால் அவர் எந்தச் சுவரையும் விட்டுவைக்க மாட்டார்.

அக்கா மெயினை அணைத்தாள். கம்பியைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைத் திருகி எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள். நுனியில் செப்புத்தூள் ஒட்டியிருந்தது.

"இந்தச் சுவருக்குள்ளதான் ஹீட்டருக்குப் போற வயர். ஸ்க்ரூ அதோட தோலைக் கிழிச்சிட்டு உள்ள போயிருக்கு. கம்பி முழுக்க கரண்ட்."

"ரெண்டு நாளா சளின்னு இவளைக் குளிப்பாட்டவே இல்லக்கா," என்றாள் தங்கை. "இன்னைக்கு சாயங்காலம் குளிக்க வைக்கலாம்னு இருந்தேன்."

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன ஏதென்று தெரியாத பொடிசு ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவளை இறுக்கிக்கொண்டு அவர் வாய்விட்டு அழுதார். தான் மாட்டிய சுவிட்சை நினைத்து அக்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பழைய பெட்டி கம்மென்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

"நல்லவேளை மாப்பிள்ளை, இது வாயாடிப் பெட்டி" என்று அவர் தோளைத் தட்டினாள். "வயரை மாத்திடறேன். இனிமே ஆணி அடிக்கணும்னாலும் என்னைக் கேட்டுட்டு அடிங்க."

அவர் தலையாட்டினார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, எங்கம்மா வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழாம இருக்க ஒரு கைப்பிடிக் கம்பி மாட்டிக் குடுத்தேன். அங்க ஹீட்டர் இருக்கிற சுவர்லயே மாட்டினேன். அங்க இன்னும் பழைய பெட்டி."

"முதல்ல போனைப் போடுங்க" என்றாள் அக்கா, பையைத் தோளில் மாட்டியபடி. "மெயினை அணைச்சிட்டு வாசல்ல வந்து உக்காரச் சொல்லுங்க."