முதல் பெஞ்சில் நாற்பத்தொரு பேர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். ஓசூர் ரோட்டில் நகர மறுத்த பஸ்ஸில், பின் சீட்டுக்காரர் போனில் புலம்பிக்கொண்டே வந்தார். கதை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து பொம்மனஹள்ளியில் இறங்கிப் போய்விட்டார், பாவி மனுஷன். அதனால் பாதிக்கு மேல் என் கைச்சரக்கு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'கல்லூரி மரங்களில் பனி சொட்டிக்கொண்டிருந்த அந்த…'

பனியாவது மண்ணாவது! மணி பகல் பன்னிரண்டு. அடித்துவிட்டேன்.

2

மதலைமுத்து ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார்.* தற்காலிக வேலை. பாதி செமஸ்டரில் மாணவர்கள் அவரைப் பற்றிப் பேர் போடாமல் கருத்து எழுதித் தருவார்கள். அது நன்றாக இருந்தால்தான் அடுத்த வருடமும் வேலை. (நோயாளி மனைவி ஒருத்தியைச் சேர்த்து உங்களை அழவைக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், வேலை போகிற பயம் ஒன்றே அந்த மனிதருக்குப் போதும்.)

துறைத்தலைவர் உஷா மேடம் தாள்களை மேசையில் பரப்பினார்.

"ஏனு சார், என்ன இது? எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. எல்லாரும் ஒரே வரி. 'முதல் பெஞ்சில் இருக்கும் எனக்கு சார் நடத்துவது நன்றாகப் புரிகிறது.' உங்க கிளாஸ்ல முதல் பெஞ்ச் எத்தனை மைல் நீளம்?"

மதலைமுத்து இரண்டு தாள்களை எடுத்துக் காட்டினார். "கையெழுத்து வேற வேறயா இருக்கே, மேடம்…"

"நீங்க சொல்லச் சொல்ல எழுதியிருப்பாங்க. இந்த மாதிரி மோசடிக்கு நான் எப்படி ரினியூவல் போடறது?"

வகுப்புப் பிரதிநிதி தர்ஷினி வரவழைக்கப்பட்டாள்.

"நான் எழுதினதை குரூப்ல போட்டேன் மேடம். ரெக்கார்டு நோட்டுக்கும் அப்படித்தான் செய்வோம். ஒரே மாதிரி இருந்தா யாரும் படிக்க மாட்டாங்க, சும்னே பாக்காமலே டிக் போட்டுடுவாங்க."

"இதையும் சார்தான் சொல்லிக் கொடுத்தாரா?"

* பின் சீட்டுக்காரர் சொன்னது பொருளாதாரம். எனக்குப் பொருளாதாரம் தெரியாது என்பதால் மாற்றினேன். புள்ளியியலும் தெரியாது, அது வேறு விஷயம்.

3

பாதிக் கதை ஆகிவிட்டது. வாசகரே, இதுவரை எப்படி? பேர் போட வேண்டாம்.

☐ நன்று
☐ மிக நன்று

(மூன்றாவது கட்டம் வைக்கப் பயமாக இருந்தது.)

4

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். திட்டாதீர்கள், மதலைமுத்துவும்தான் மறைத்தார்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். மேசையில் நாற்பத்தொரு தாள். மிச்சம் ஒன்று, வகுப்பில் தாள் வாங்கும்போதே அவர் உருவியது, அவர் சட்டைப்பையில் நாலாக மடிந்து கிடந்தது. அதில் ஐந்துக்கு ஒன்று. அவர் சொல்லிக்கொடுத்து எழுதவைக்கவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். எடுத்தாலோ, ஒளித்துவைத்த குட்டு உடையும்.

முடிவு ஒன்று: அவர் அந்தத் தாளை வாயில் போட்டு மென்று… சீ.

முடிவு இரண்டு: சட்டென்று கரண்ட் போகிறது. பட்டப்பகலில் கரண்ட் போனால் யாருக்கு என்ன? இதையும் அடித்துவிட்டேன்.

5

வேறு வழியில்லை, எடுத்தார். மேடத்தின் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. திரும்பி நின்று, மூலையிலிருந்த பீரோவைப் பார்த்தபடி படித்தார்.

"'சார் ரொம்ப நல்லவர். ஆனா ஒரு எழவும் புரியல. டவுட் கேக்கக் கையத் தூக்கினா அவருக்குத் தெரியறதே இல்ல. மூணு மாசமா போர்டுகிட்டயே பேசிட்டிருக்கார்.'"

அவருக்கு அவமானமாகவும் இருந்தது, யாரோ ஒருவர் தன்னைக் கவனித்திருக்கிறார் என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"இது நிஜம், மேடம்," என்றார் பீரோவிடம்.

ரினியூவல் தாள் மேசையில் இருந்தது, பேனா உஷா மேடம் கையில். கையெழுத்துப் போட்டாரா என்று நான் எழுதப்போவதில்லை. போடுவதும் விடுவதும் உங்கள் பாடு. அவர் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"இன்னொரு தடவை படிங்க சார். இந்தத் தடவை என்னைப் பார்த்து."