முரடனின் வால்முடி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பார்கள் வீட்டில். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது அதைவிடப் பெரிய கோபம்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். கறவை மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்காகக் காளைகளின் விந்தைச் சேகரித்து உறைய வைக்கும் நிலையம். அவர் கொட்டகையில் காளைகளைப் பார்த்துக்கொள்கிறார், நான் மைக்ரோஸ்கோப் அறையில். இளங்காளைகளின் வாலிலிருந்து வேரோடு முடி பிடுங்கி, மரபணுச் சோதனைக்கு வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். சில காளைகளின் விந்து பார்வைக்கு அருமையாக இருக்கும், துள்ளி நீந்தும். ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறி அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்திருந்தால் பசு சினை பிடிக்காது. அப்படிப்பட்ட காளை வெள்ளிக்கிழமை லாரியில் கறிக்குப் போகும்.

அன்று வந்த பட்டியலில் சோம்பேறி என்ற காளைக்கு அந்தக் குறி இரண்டு பக்கமும் இருந்தது. சோம்பேறி அவருடைய செல்லப்பிள்ளை. எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கிவர மறக்கிற மனுஷன், அதற்கென்று தனியாக ஒரு பிரஷ் வாங்கி வைத்திருந்தார்.

"நீதானே பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன?" என்றார்.

"பாத்தா நல்லாத்தாங்க இருக்கும். அதுதான் இதுல சிக்கலே."

மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்காவது தப்பு நடந்திருக்காதா என்று அறிக்கையை மறுபடி எடுத்தேன். சோம்பேறிக்குப் பக்கத்துத் தடுப்பில் நிற்கும் முரடன் என்ற காளைக்கும் அதே குறி. இருக்கலாம், இரண்டுக்கும் அப்பா ஒன்றுதான். மற்ற குறிகளையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் பக்கம் அச்சு அசலாக ஒன்று. இரண்டாம் பக்கமும் அப்படியே. கடைசி வரை ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேறு வேறு தாய்க்குப் பிறந்தவை அப்படி ஒத்துப்போக வழியே கிடையாது. முடியைப் பிடுங்கி உறையில் போட்டது என் வீட்டுக்காரர்தான்.

நேரே கொட்டகைக்குப் போனேன்.

"ரெண்டு உறையிலயும் எதோட முடியைப் போட்டீங்க?"

திருதிருவென்று முழித்தார்.

"சோம்பேறிக்கு வலிக்குமேன்னு... முரடன் வால்லயே இன்னொரு கொத்து பிடுங்கிட்டேன். ரெண்டுக்கும் ஒரே அப்பன்தானே, ஒரே மாதிரிதான் இருக்கும்னு நினைச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "நீங்களும் உங்க தம்பியும்கூட ஒரே அப்பாவுக்குத்தான் பொறந்தீங்க. அவருக்கு அறிவு இருக்கே!"

"மேடம்கிட்ட நீயே சொல்லிடேன்."

"நானா? நல்லாருக்கே! நீங்களே போய் வாயைத் திறந்து சொல்லுங்க."

போய்ச் சொன்னார். மேலாளர் மேடம் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை போய்விடும் என்று எழுதியே கொடுத்தார். இரண்டு காளைகளிடமும் மறுபடி முடி எடுத்து அவசரமாக அனுப்பச் சொன்னார். எடுக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முரடனிடம் எடுக்கும்போது வழக்கம்போல் உதை வாங்கினார். சோம்பேறியிடம் வந்ததும் முதலில் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடுங்கினார். அது தலையைக்கூடத் திருப்பவில்லை, தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் அசடு வழிய.

வியாழக்கிழமை சாயங்காலம் முடிவு வந்தது. சோம்பேறியிடம் அந்தக் குறி ஒரு பக்கம்கூட இல்லை. முரடனிடம் இரண்டு பக்கமும் இருந்தது. அவர் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் முரடனை லாரியில் ஏற்றுவதும் அவர் வேலைதான். ஏற்றுவதற்கு முன்னால் சோம்பேறியின் பிரஷ்ஷை எடுத்துவந்து முரடனின் முதுகைத் தேய்த்தார். வேறு எந்தக் காளைக்கும் அதை அவர் தொட்டதில்லை. முரடன் ஓர் உதை விட்டது. அவர் திட்டவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போதுங்க, விடுங்க" என்றேன்.

"இவன்கிட்ட மூணு தடவை பிடுங்கிட்டேன்" என்றார். "வலிக்குமேன்னு ஒரு தடவைகூடத் தோணலயே எனக்கு."