மூணடியார் மூலை

எங்கள் பழைய வீட்டுச் சுற்றுச்சுவரில் பித்தளைத் தகடு ஒன்று பதிக்க என் கையெழுத்து வேண்டுமென்று நகர நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. கூடவே மடித்த ஒரு தாள். வழிகாட்டி யாரும் இல்லாமல் நாமே சைக்கிளில் சுற்றிப் பார்க்கும்படி எங்கள் பகுதியின் வரைபடம், எட்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சுவரோவியம், நாலு வரி வரலாறு. ஆறாவது நிறுத்தம் எங்கள் சுவர். அதற்கு "மூணடியார் மூலை" என்று பெயரிட்டிருந்தார்கள்.

"சாலையை அகலப்படுத்தியபோது மூன்றடி நிலத்தை விட்டுத்தர மனமில்லாமல், அளவு முளைகளைத் தானே பிடுங்கித் தள்ளி நட்டுச் சுவர் எழுப்பிய பிடிவாதக்காரர். இன்றும் நாம் வளைந்துதான் போகிறோம்!" தகட்டிலும் இதே வாசகம்தான் வரப்போகிறது.

அந்தப் பிடிவாதக்காரர் என் அப்பா. லேத் பட்டறை வைத்திருந்தவர். சொன்ன தேதிக்கு ஒருநாள் தவறாதவர். வாசகத்தைவிட அந்த ஆச்சரியக்குறிதான் என்னை அதிகமாகச் சுட்டது. சுவரில் படம் வரைய அனுமதி கேட்டபோது, பூவோ பறவையோ போடுவார்கள் என்று நினைத்துச் சரியென்று சொல்லியிருந்தேன். வீட்டைப் பல் மருத்துவருக்கு வாடகைக்கு விட்டபின் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க, விஷயம் முடிஞ்சுது," என்றாள் மனைவி.

"நேர்ல பார்க்காம நான் எதுலயும் முடிவு சொன்னதில்லை."

"எழுபத்தாறு வயசுல சைக்கிளா? முட்டிகிட்ட கேட்டீங்களா?"

"அது என் முட்டி. நான் சொன்னா கேக்கும்."

தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் ஒரு பென்சிலோடு கிளம்பினேன். நகர அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வரைபடம் போட்டவன் நான். இந்தத் தெருக்களின் அகலம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். முதல் நிறுத்தமான தீயணைப்பு நிலையத்தின் கதவில் ஏணியும் மணியும் வரைந்திருந்தார்கள். குறை சொல்ல முடியாது. இரண்டாவதில் கட்டடத்தின் வயதை இரண்டு வருடம் கூட்டியிருந்தார்கள்; தாளில் திருத்தினேன். மூன்றாவது, தையற்கடைத் தெரு. உடைந்த பொத்தான்களை மட்டுமே பதித்து ஆளுயரத் தையல் இயந்திரம் ஒன்று செய்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வேலை அருமை. கடந்து போனவன் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மீன்கள். பழைய திரையரங்கின் சுவரில் டிக்கெட் வரிசை. அந்த முகங்களுக்கு நடுவே எனக்கு முடிவெட்டியவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லா இடத்திலும் யாரையாவது மெச்சியிருந்தார்கள்.

ஆறாவதில் மட்டும் கேலி. முறுக்கு மீசை வைத்த ஒரு மனிதர் சுவரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அவர் தொந்தியைச் சுற்றிச் சாலை வளைந்து ஓடுகிறது. முன்னால் சைக்கிளோடு ஒரு கணவனும் மனைவியும் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியே உங்க அண்ணன் மாதிரி இல்ல?" என்றாள் அந்தப் பெண்.

"எங்க அண்ணன் மூணடி வரைக்கும் விடுவானா? ஒரு ஜாணுக்கே ரத்தம் பார்ப்பான்."

"என்ன மனுஷனோ, ஊருக்கு வழி விடாம!"

"அவருக்கு மீசை கிடையாது," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். "உங்களுக்கு அவரைத் தெரியுமா, ஐயா?"

"எங்க அப்பா."

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க," என்று கணவர் தாளை மடித்தார்.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் தகடு வராது. ஆனால் படம் இருக்கும், தாள் இருக்கும், இந்தச் சிரிப்பும் இருக்கும். குடும்ப மானம் என்று இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு நான் காத்தது என் மானத்தை மட்டும்தான் என்பது அங்கே நிற்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"முளையை அவர் பிடுங்கலை," என்றேன். "முளையே தப்பான இடத்துல இருந்தது. அடிச்சது நான்."

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருவின் அளவு என் பொறுப்பு. சாக்கடையின் வீட்டுப்பக்க விளிம்பிலிருந்து அளக்க வேண்டியதை ரோட்டுப்பக்க விளிம்பிலிருந்து அளந்துவிட்டேன். சாக்கடையின் அகலம் மூன்றடி. மகன் அடித்த முளை என்று நம்பி, நூல் பிடித்தாற்போல் அதன்மேலேயே அப்பா சுவர் எழுப்பினார். சாலை போட வந்த அதிகாரி, சுவர் வெளியே நிற்பதைக் கண்டு, "யார் செஞ்ச வேலை இது?" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் அளவுநாடாவைப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான் பிடுங்கி நட்டேன். இடிக்க மாட்டேன். ஆனதைப் பாருங்க," என்றார். இடித்திருந்தால் மறுபடி அளந்திருப்பார்கள். அளந்திருந்தால் என் வரைபடம் மாட்டியிருக்கும், வேலை போயிருக்கும். கடைசிவரை இடிக்கவில்லை. சாகும்வரை ஊர் அவரை மூணடியார் என்றே கூப்பிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "இனிமே ரெண்டு தடவை அள." அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கேட்டு முடித்த அந்தப் பெண், "அப்போ ஐம்பது வருஷமா நாங்க எல்லாரும் வளைஞ்சு போறது உங்களாலயா?" என்றாள்.

"ஐம்பத்துமூணு."

அவள் கணவர் சிரிக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்திருந்தவர், அதை எடுத்து நேராக நிறுத்தினார்.

இன்னும் இரண்டு நிறுத்தங்கள் பாக்கி. எதையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் பேசுகிறவன் நான் இல்லை. ஏழாவதையும் பார்த்துவிட்டு, எட்டாவதான நூலகத்தில் போய் இறங்கினேன். அங்கே வாங்கிய ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டிருந்த வாசகத்தை அடித்து, கீழே என் கையாலேயே எழுதினேன்: "இந்தச் சுவர் மூன்றடி வெளியே நிற்கக் காரணம், நகர அலுவலக வரைபடத்தில் நேர்ந்த அளவுப் பிழை. வரைந்தவர் மகன். பழியை ஏற்றவர் அப்பா." அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நூலகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஐயா, இது ஊர் இருக்கிற வரைக்கும் இருக்கும். யோசிச்சுதான் எழுதுனீங்களா?"

"தேவைக்கு மேலயே யோசிச்சாச்சு."

"ஆதாரம் கேப்பாங்களே?"

"நாடாவை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. சாக்கடைக்கு மூடி போட்டாங்களே தவிர, அகலம் அதேதான். ரெண்டு தடவை அளக்கட்டும். அப்புறம், அந்த மீசையை அழிக்கணும்."

"மீசை இல்லேன்னா பிடிவாதம் தெரியாதுன்னு ஓவியர் சொல்வாரே."

"நிக்கிற நிலையிலேயே தெரியும். அதை நல்லாத்தான் வரைஞ்சிருக்கார்."

வீடு திரும்பியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடம். அவளுக்கே இது புதுச் செய்தி. என் முட்டிக்குத் தைலம் தேய்த்தாள்.

"மாமாவைப் போய் நானும் பிடிவாதக்காரர்னுதானே நினைச்சிட்டிருந்தேன்," என்றாள் கடைசியில். "இனிமே ஊரு உங்களைத்தான் மூணடியார்னு கூப்பிடும், பாருங்க."

"கூப்பிடட்டும். எங்க அப்பா பேருதானே."