லைட் போடுற ஆள்

குதிகால் இரண்டும் ஆணி அறைந்த மாதிரி வலித்தன. எட்டு மணி நேரம் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்ற கால்கள். அதன்பிறகு ஆஸ்பத்திரியில் நின்று, ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்று, இப்போது மணி பதினொன்று. நாச்சியார் இன்னும் உட்காரவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

"சொருவும்மா," என்றார் வீட்டுக்காரர் முனிரத்தினம். "வெயிலு ஏறிகினே கீது. இன்னும் இன்னாத்துக்கு நிக்கிற?"

அறையில் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் ஏற்கெனவே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி சொருகியிருந்தது, ஃப்ரீசரை அது தாங்காது. அதிலிருந்து ஒரு வயர் மேசைமேல் இருந்த லேப்டாப்புக்குப் போனது. பேட்டரி உப்பிப்போய்க் கழற்றி எறிந்த லேப்டாப், கரண்ட் இருந்தால்தான் உயிர். இன்னொரு வயர் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை போர்டுக்குப் போனது. போர்டின் ஓரத்தில் சிவப்பு விளக்கு ஒன்றும் பச்சை விளக்கு ஒன்றும் எரிந்துகொண்டிருந்தன.

கீழே பாயில் வேல்ராஜ் கிடந்தான். அவளுடைய தம்பி. முப்பத்தொரு வயது. காலையில் அவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து ஃபேனைக் கூட்டி வைத்தாள். ஆஸ்பத்திரியில், நெஞ்சுவலி, வரும்போதே உயிர் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

அம்மா கோவில்பட்டியில் பஸ் ஏறிவிட்டாள். "இங்க கொண்டாந்து என்ன செய்ய? வீடே இடிஞ்சி கெடக்கு. நான் வாரேன்," என்றாள் போனில். நாளைக் காலையில்தான் எடுக்க முடியும்.

"இத ஆஃப் பண்ணக் கூடாதுண்ணே," என்றாள் நாச்சியார்.

"எத்த?"

"அந்த போர்ட. கரண்டு போனா எல்லாத்தையும் மறந்துரும். உங்க வீட்ல இருந்து ஒரு வயரு இழுக்க முடியாதா?"

"அம்மாந்தூரம் இழுத்தா இந்தப் பெட்டிக்குத் தாங்குமா? எரிஞ்சி பூடும்." அவர் பாயையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு அட்டைக்கோசரம் தம்பிய இந்தச் சூட்டுல போட்டுகினு கீறியே. நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

அவள் ஃப்ரீசர் வயரைச் சுருட்டித் தரையில் வைத்தாள்.

லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோதுதான் ஐந்தே முக்காலுக்குத் தம்பி அனுப்பியிருந்த குரல் பதிவைக் கேட்டாள். 'யக்கா, போர்டு பேசிட்டு. இத்தன நாளு கழிச்சி வாயத் தொறந்துட்டு. நீ வந்து பாரு. அதுவரைக்கும் கரண்ட யாரும் புடுங்கிரக் கூடாது. கையாலதான் ஒண்ணொண்ணா மாத்தி விட்டுருக்கேன், இன்னும் உள்ள எழுதி வைக்கல. நெஞ்சு கரிக்கி, ஒரு டீய குடிச்சிட்டு எழுதுதேன்.'

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அதை இரண்டு தடவை கேட்டாள். சிரித்துக்கொண்டாள். ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கி, அவனுக்குப் பிடிக்கும் என்று நாலு பரோட்டா கட்டி வாங்கினாள். பொட்டலம் இன்னும் அடுப்பு மேடையில் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், இதே அறைக்குக் குடிவந்த புதிதில், அவன் முதல் போர்டைக் கொண்டுவந்து வைத்தான். ஒரே ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "யக்கா, பாரு, நான் எழுதுனது," என்றான். "இதுக்கா மாசச் சம்பளம் தாரான்?" என்று அவள் கேட்க, இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்குகிற மாதிரி சொன்னான்.

"உங்க லைன்ல மிஷினு, சுவரு, வாசலு எல்லாத்தையும் வாரத்துக்கு ஒருதரம் இடம் மாத்திப் போட்டா எப்படி இருக்கும்? இந்த போர்டு அப்படி. உள்ள இருக்கிற சர்க்யூட்ட இஷ்டத்துக்கு மாத்தலாம். எங்க ஆபீஸ் பராசரன் சார்தான் அத மாத்துவாரு. காலையில கும்மிருட்டுல மொத ஆளு வந்து லைட்டப் போடணும்லா? சுவிட்சு எந்தச் சுவத்துல இருக்குன்னு அவனுக்குத் தெரியணும். அந்த ஆளத்தான் நான் எழுதுதேன். பூட் லோடருன்னு பேரு. அவன் லைட்டப் போட்டாத்தான் மத்தவன்லாம் உள்ள வர முடியும்."

"லைட் போடுற ஆளு. வாட்ச்மேன்னு சொல்லு."

"அப்படியே வச்சிக்க."

அவள் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற காலைகளில் வாளியில் உப்புப் போட்ட வெந்நீர் இருக்கும். அவள் காலை விட்டுக்கொண்டு உட்காருவாள். அவன் போர்டை அணைத்துப் போடுவான். "எண்ணுக்கா." பத்து எண்ணுவதற்குள் பச்சை விளக்கு வந்தால் வேலை முடிந்தது. அன்றைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் கரும்புச்சாறு. வராவிட்டால் அவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப உட்காருவான். கடைசி மூன்று வாரம் அவன் ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்தான், அவள் தினமும் எண்ணினாள். ஒரு நாளும் வரவில்லை. அவன் கண்ணுக்கடியில் கறுத்துக்கொண்டே போனது. "படுல," என்பாள். "இன்னும் ஒரே ஒரு தரம்," என்பான்.

"அண்ணே," என்றாள் நாச்சியார். "ஒரு மணி நேரம் போதும். பராசரன் சாரு ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து கெளம்பிட்டாரு. அதுவரைக்கும் ஐஸ் கட்டி கெடைக்குமா பாருங்க."

முனிரத்தினம் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் மீன் வண்டிக்காரனிடம் பேசி இரண்டு ஐஸ் பார் கொண்டுவந்து, அவரே சாக்கில் சுற்றி உடலின் இரு பக்கமும் வைத்தார். உருகிய தண்ணீர் மேசைப் பக்கம் ஓடியது. அவள் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். திரை அணைந்துவிடாமல் இருக்க நடுநடுவே மவுஸைத் தொட்டாள்.

பராசரன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பாயருகில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவன் நாற்காலியில் உட்காராமல், முட்டி போட்டு மேசை முன்னால் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழே படித்தார். ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

"அழிஞ்சிட்டா?"

"இல்ல. எல்லாம் இருக்கு." ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். "சுவிட்ச நான்தான் இடம் மாத்தினேன்."

அவளுக்குப் புரிந்தது. தம்பி அவரிடமும் அதே கதையைத்தான் சொல்லியிருக்கிறான்.

"புதுசா ஒண்ணு சேக்கும்போது அதைத் தள்ளி வச்சேன். மெயில் போடணும். மறந்துட்டேன். அவன் ரெண்டு தடவ கேட்டான், சார் எதாவது மாத்தினீங்களான்னு. நான் எதையும் தொடலைன்னேன். நெஜமாவே அப்படித்தான் நெனச்சிண்டு இருந்தேன். தப்பு அவன் எழுதினதுலதான், தேடட்டும்னு விட்டுட்டேன்."

"எப்ப மாத்துனீங்க?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார். "இருபத்தோரு நாள் ஆறது."

வாசலில் முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். நாச்சியார் சாக்கிலிருந்து வழிந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தாள். உப்புத் தண்ணீர் வைக்கிற வாளி.

"உள்ள எழுதி வைங்க சார்."

முக்கால் மணி நேரம் ஆனது. திரையில் இருந்ததையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டு தட்டினார். இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் கையை எடுத்தார்.

"எழுதியாச்சு. நின்னிருக்கான்னு ஆஃப் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்." சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றது. "நீங்க பண்ணுங்கோ."

அவள் அணைத்தாள். இரண்டு விளக்கும் போயின, திரையும் கறுத்தது. போட்டாள். சிவப்பு உடனே வந்தது.

ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினாள். ஏழில் ஐஸ் ஒரு துண்டு உடைந்து சரிந்தது. ஒன்பதில் பச்சை வந்தது.

சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எக்ஸ்டென்ஷனைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைச் சொருகினாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. முனிரத்தினமும் அவர் கூப்பிட்ட மீன் வண்டிக்காரனும் கால்பக்கம் பிடிக்க, பராசரன் தலைப்பக்கம் பிடித்தார். கண்ணாடி மூடி இறங்கியது.

நாச்சியார் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள்.

பராசரன் போர்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. "நான் என்னம்மா செய்யட்டும்?"

"ராத்திரி இவன்கூட ஒரு ஆளு முழிச்சிருக்கணும் சார். நான் நேத்தும் தூங்கல."

"இருக்கேன்," என்று பையை இறக்கி வைத்தார். ஈரத்தைப் பார்க்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் குதிகாலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். கண்ணாடி மேல் பனி படர ஆரம்பித்திருந்தது.

"இன்னைக்கு ஒண்ணு கழிஞ்சா," என்றாள், "மிச்சம் இருபது ராத்திரி நீங்க அவனுக்குத் தரணும்."