உலையடிப் பால்

"மாஸ்க்கைக் கழுத்துல தொங்க விட்டுக்கிட்டுத்தானே நிப்பீங்க..."

"போட்டுத்தான்லா நிப்பேன்! நீதான் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கண்டதையும் வாங்கிக் கொடுத்து..."

"புள்ள வயித்து வலியில துடிக்குது, பழி எனக்கா?"

"மெதுவாப் பேசு கலா, எல்லாரும் பாக்கறாங்க."

கிள்ளான் கிளினிக்கில் லோகனையும் மனைவி சந்திரகலாவையும் எல்லாரும் பார்க்கத்தான் செய்தார்கள். பக்கத்து ஊரான மேருவில் பழைய கார் பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலையில் லோகன் உலையடியில் நிற்பவன். மகள் அபிராமிக்குச் சோறு இறங்கவில்லை, முகம் வெளிறிப் போச்சு என்று போன வாரம் தூக்கி வந்தார்கள். அவன் வேலையைக் கேட்டதும் டாக்டர் நிலோபர் அப்பா, மகள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துவிட்டார். இன்று முடிவு.

உள்ளே போய் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு பேர் ரத்தத்திலயும் ஈயம் இருக்கு. உங்களை விடப் பாப்பாவுக்கு அதிகம்."

சந்திரகலா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். லோகன் எட்டி டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"மாத்திப் படிக்கிறீங்க டாக்டர். உலையில நிக்கிறது நான்."

"மாறலை. வேலை உடுப்போட வீட்டுக்கு வருவீங்களா?"

"சத்தியமா இல்ல. உடுப்பு, பூட்ஸ் எல்லாம் அங்கேயே. தலைக்குக் குளிச்சு வேற சட்டை போட்டுட்டுத்தான் மோட்டார் சைக்கிளையே தொடுவேன். இவளைக் கேளுங்க."

"ஆமா டாக்டர்." சண்டை போட்டவள் சட்டென்று அவன் பக்கம் வந்துவிட்டாள். "சோப்பு வாசத்தோடதான் வருவாரு."

"ஆலையில இருந்து வேற என்ன வீட்டுக்கு வருது?"

"ஒண்ணும் வராது. பால் மட்டும்தான்."

"என்ன பால்?"

"தினம் ஆளுக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டிப் பால் கொடுப்பாங்க. குடிச்சா ஈயம் இறங்கிடும்னு சூப்பர்வைசர் ராதாகிருஷ்ணன் அண்ணன் சொல்வாரு. எனக்கு எதுக்கு, பாப்பா குடிக்கட்டும்னு..."

"பால் ஈயத்தை இறக்காது, லோகன். நல்ல மாஸ்க், தூசியை உறிஞ்சி எடுக்கிற மெஷின், அதைத்தான் அவங்க கொடுக்கணும்." டாக்டரின் குரல் இறங்கியது. "வேலை முடியற வரைக்கும் அந்தப் பாலை எங்க வச்சிருப்பீங்க?"

லோகனின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. வேலைச் சட்டையின் மேல்பை இருக்கிற இடம். காலையில் வாங்கினதும் அங்கேதான் செருகுவான்; வேலை முடிந்து கிளம்பும்போதுதான் வீட்டுச் சட்டைப்பைக்கு மாற்றுவான். குனிந்து நிமிரும்போதெல்லாம் உலையின் ஈயத் தூசி அந்தப் பைக்குள்தான் விழும். தன் உடம்பைத் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தவன், அந்தப் பெட்டி மேல் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றினதில்லை.

"ஸ்ட்ரா வேணாம்னு சொல்வா டாக்டர்," என்றாள் சந்திரகலா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "பெட்டி மூலையைக் கடிச்சுத்தான் குடிப்பா."

மடியிலிருந்த அபிராமி, நெஞ்சில் இருந்த அவன் கையை விலக்கிவிட்டுச் சட்டைப்பையைத் தடவினாள்.

"அப்பா, இன்னிக்குப் பால் கொண்டு வரலையா?"